பிறவி வளையத் தழும்பு: நரம்பைக் கோட்டை விடும் தவறுகள்

கயிறு கட்டி இறுக்கியதுபோல் கையிலோ காலிலோ வளையமாய் ஒரு பள்ளத்தோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்கள் பள்ளத்தின் ஆழத்தையும் அதற்குக் கீழே உள்ள வீக்கத்தையும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். "விரலை நீட்டுகிறதா?" என்று கேட்டால் நோட்டைப் புரட்டுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் புரட்டினேன்.

பிரசவக் காயம் என்று காத்திருப்பது

மேல்கையின் நடுவில் வளையம், மணிக்கட்டு தொங்குகிறது. அப்படி ஒரு குழந்தை என்னிடம் வந்தது. பிரசவத்தில் கழுத்து நரம்பு இழுபட்டுக் கை சோர்ந்த குழந்தைகளில் பலருக்கு அசைவு தானாகத் திரும்பும். அதே கணக்கை இங்கேயும் போட்டு, "மூன்று மாதம் பார்க்கலாம்" என்றேன். மூன்று ஆறானது. அறுவை மருத்துவர் திறந்தபோது வளையத்துக்கு அடியில், மணிக்கட்டை நிமிர்த்தும் ரேடியல் நரம்பு நூலாய் இளைத்திருந்தது. கடைசியில் தசைநாரை இடம் மாற்றித்தான் அந்தக் கை நிமிர்ந்தது.

இழுபட்ட நரம்புக்கு அடி ஒருமுறைதான். வளையமோ இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது. குழந்தை கொழுக்கக் கொழுக்க ஆழமாகப் பதிகிறது. நரம்பு வளர்வது நாளுக்கு சுமார் 1 மி.மீ. தான். ஒரு வருடத்துக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்த தசை, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பழையபடி வேலை செய்யாது. தோள் அசைகிறது, முழங்கை மடங்குகிறது, நீள்கிறது, வளையத்துக்குக் கீழேதான் செயலில்லை என்றால் அதைப் பிரசவக் காயம் என்று எழுதாதீர்கள். அந்த வாரமே அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். "வெயிட் பண்ணலாம்" என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

தோலோடு நிறுத்துவது

இசட் வடிவில் வெட்டித் தைத்தால் பள்ளம் மறையும். நரம்பு உள்ளே இறுகியே கிடக்கலாம். அசைவு குறைந்த குழந்தை என்றால், நரம்பையும் திறந்து பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சோதிக்காமல் மாவுக்கட்டு

காலில் வளையத்தோடு வளைந்த பாதமும் சேர்ந்து வருவதுண்டு. கட்டுப் போடுமுன் உள்ளங்காலைக் கூச்சப்படுத்திப் பாருங்கள். பாதத்தை மேலே தூக்காவிட்டால் பெரோனியல் நரம்பைச் சந்தேகியுங்கள். தூக்கும் தசை வேலை செய்யாத பாதம், மாவுக்கட்டால் நிமிர்ந்தாலும் பிறகு எளிதாக மறுபடி வளையும். அப்புறம், உணர்ச்சியில்லாத தோலில் கட்டு உரசிப் புண்ணானாலும் குழந்தை அழாது.

கிரகணம்

கிரகணத்தில் வெளியே போனீர்களா என்று தாயிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

குறித்து வைக்காதது

பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில் இரண்டு கைகளின் புறங்கையையும் வருடி, விரல் அசைவைச் செல்போனில் வீடியோ எடுக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வாரம் ஒன்று போதும், தேதியோடு.