கீமோ மருந்து கையில் ஒட்டாமல் வேலை செய்வது எப்படி

புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்துகளில் டொக்ஸோரூபிசின் சிவப்பு. கையுறையில் ஒரு துளி பட்டால் தெரியும். பிறகு தொட்ட பேனா, கதவுப்பிடி, நோயாளியின் அட்டை எல்லாவற்றிலும் அதன் தடம் தெரியும். இன்னொரு கீமோ மருந்தான சைக்ளோபொஸ்பமைட் தண்ணீர் மாதிரி நிறமற்றது. அதே வழியால்தான் அதுவும் போகும், தடம் இராது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதற்குழுவில் வைத்திருக்கிறது. நோயாளிக்கு ஏற்றும் அளவோடு பார்த்தால் தாதியர் உடலில் சேர்வது மிகக் குறைவு, ஆனால் அது வருடக்கணக்கில் தொடரும். 1979 இல் பின்லாந்தில், இம்மருந்துகளைக் கையாண்ட தாதியரின் சிறுநீரில் மரபணு மாற்றம் உண்டாக்கும் தன்மை கண்டறியப்பட்டது.

மருந்து கலப்பதற்கென்ற பாதுகாப்புப் பெட்டியில்தான் கலக்கவேண்டும். மேலே மின்விசிறி சுழலும் மேசை அதற்கு இடமல்ல, சித்திரை வெயில் எவ்வளவு எரித்தாலும். இரண்டு சோடி நைட்ரைல் (செயற்கை இறப்பர்) கையுறை போடுங்கள். உள்ளே உள்ளது கவுன் கையின் கீழும் வெளியே உள்ளது மேலும் வரட்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சத்திரசிகிச்சை முகமூடி தெறிப்பைத் தடுக்கும், நுண்துளியைத் தடுக்காது.

பிழை அதிகம் நடப்பது குப்பியில்தான். 500 மி.கி. சைக்ளோபொஸ்பமைட்டைக் கரைக்க 25 மி.லீ. வேண்டும். அதை ஒரேயடியாகத் தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறி, ஊசியை இழுக்கும்போது மருந்து புகைபோலச் சீறும். சில மி.லீ. விட்டு, அதே அளவு காற்றைச் சிரிஞ்சுக்குள் எடுத்து, மறுபடி விடுங்கள். சிரிஞ்ச் திருகிப் பூட்டும் வகையாக இருக்கட்டும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் பிஸ்டன் கழன்று வரும்.

ஐவி குழாயை மருந்தால் அல்ல, வெறும் சேலைனால் முதலில் நிரப்புங்கள். அப்போது நுனியில் சொட்டுவது சேலைன் மட்டுமே. பையில் குழாயைக் குத்துவது இடுப்புயரத்தில்; தொங்கவிட்டுக் குத்தினால் துளி முகத்துக்கு வரும். ஏற்றி முடிந்ததும் பையையும் குழாயையும் பிரிக்காமல் அப்படியே கழிவுப் பையில் போடுங்கள். ஓட்டோகிளேவ் (நீராவியால் கிருமி அழிக்கும் கருவி) இம்மருந்துகளை அழிக்காது என்பதால் தொற்றுக் கழிவோடு கலக்கக்கூடாது.

சிந்தினால் திரவத்தின் மேல் உலர்ந்த துணி, தூளின் மேல் ஈரத்துணி. ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்து, சவர்க்கார நீரால் மூன்று தரம் கழுவுங்கள். தோலில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும்தான். ஸ்பிரிட் அதை அழிக்காது, பரப்பும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் கழுவி, பதிவேட்டில் எழுதுங்கள். அந்தப் பதிவைச் சோம்பலில் தவறவிடுபவர் பலர்.

சிற்றூழியரை மறந்துவிடுகிறோம். மருந்து ஏற்றிய பின் 48 மணித்தியாலம் வாந்தி, சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் மருந்து வரும். படுக்கைச் சட்டி எடுப்பவருக்கும் இரட்டைக் கையுறையும் கவுனும் வேண்டும். கர்ப்பிணிகளை இந்த வேலையில் விடக்கூடாது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டு வீடு போகிறவரின் குடும்பத்துக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். மலசலகூடத்தில் தண்ணீரைத் தெறிக்காமல் தாழ்வாக, இரண்டு தரம் ஊற்றவேண்டும். அழுக்குத் துணியைக் கையுறையோடு தனி வாளியில் இரண்டு தரம் துவைத்து, அந்தத் தண்ணீரை மலசலகூடத்துக்குள்ளேயே ஊற்றட்டும். கிணற்றடித் துவைகல்லில் அடித்தால், யாழ்ப்பாண நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியே அது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது.