பைத்தான் சின்டாக்ஸ் எர்ரர்: காட்டும் வரியில் தப்பு இல்லையா, மேல் வரியைப் பாருங்கள்

நிரலை எழுதும் விதி எங்காவது மீறப்பட்டால் பைத்தான் காட்டும் பிழைதான் சின்டாக்ஸ் எர்ரர். முதலில் உங்களிடம் இருப்பது பைத்தானின் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கிப் படிக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அதில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. பிழையைத் தெளிவாகச் சொல்லும் வசதியோ 2021 அக்டோபரில் வந்த 3.10-இல்தான் நன்றாக அமைந்தது. விண்டோஸ் 10 அந்த லேப்டாப்புக்குக் கனம் என்றால் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் போடுங்கள். எடிட்டருக்கு ஆரம்பத்தில் தான்னி போதும். மூடாத அடைப்புக்குறியையும் மேற்கோள் குறியையும் நிறம் மாற்றிக் காட்டிவிடும். விஎஸ் கோடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நிரலைப் பாருங்கள். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைப்பது பைத்தான் 3-இல் செல்லும், அது பிழை இல்லை.

காபி = 20
இட்லி = 45
மொத்தம் = (காபி * 2 + இட்லி
மீதி = 500 - மொத்தம்

3.8-இல் ஓட்டினால் 4-ஆம் வரியைக் காட்டி 'இன்வேலிட் சின்டாக்ஸ்' என்று வரும். அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் தப்பு கிடைக்காது. 3-ஆம் வரியில் திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை. அது திறந்திருக்கும் வரை வரி முடிந்ததாகவே பைத்தான் எடுத்துக்கொள்ளாது. அடுத்த வரியையும் சேர்த்தே படிக்கும். 'இட்லி'யை அடுத்து நடுவில் எந்தக் குறியும் இல்லாமல் 'மீதி' வந்ததும் நின்றுவிடும். அது காட்டுவது தான் நின்ற இடத்தை. 3.10 முதல், இதே நிரலுக்கு 3-ஆம் வரியைக் காட்டி "'(' வாஸ் நெவர் க்ளோஸ்டு" என்றே சொல்லும்.

ஆகவே காட்டிய வரி சுத்தமாக இருந்தால் அதற்கு மேல் வரியின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். திறந்தவை எத்தனை, மூடியவை எத்தனை? இஃப், எல்ஸ், ஃபார், வைல், டெஃப் வரிகளின் முடிவில் கோலன் இருக்கிறதா? இஃப் நிபந்தனையில் == வர வேண்டிய இடத்தில் ஒற்றை = இருக்கிறதா?

வரியின் தொடக்க இடைவெளிக்கு எப்போதும் 4 ஸ்பேஸ். டேபும் ஸ்பேஸும் கலந்தால் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் டேப் எர்ரரோ இன்டென்டேஷன் எர்ரரோ வரும். தொடக்க இடைவெளியை முழுக்க அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

ஆளை அலைக்கழிப்பது வாட்ஸ்அப்பிலிருந்தும் பிடிஎஃப் நோட்ஸிலிருந்தும் ஒட்டிய நிரல்தான். " இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த “ ” இருக்கும். பைத்தானுக்கு இவை வேறு வேறு எழுத்துகள். 'இன்வேலிட் கேரக்டர்' என்று சொல்லும். 3.10-இல் யூ+201சி என்று அந்த எழுத்தின் எண்ணையும் காட்டும். அந்த வளைந்த குறியையே காப்பி செய்து தேடும் பெட்டியில் ஒட்டி, நேர்க் குறியாக மாற்றுங்கள். ஒற்றை மேற்கோளை மட்டும் ஒட்டுமொத்தமாக மாற்ற வேண்டாம்: வாக்கியத்துக்குள் இருக்கும் ’ நேராகிவிட்டால், ஒற்றை மேற்கோளுக்குள் எழுதிய சரம் (வாசகம்) பாதியிலேயே முடிந்துவிடும். யூ+00ஏ0 என்று வந்தால் அது ஸ்பேஸ் மாதிரியே தெரியும் வேறொரு எழுத்து. அந்த வரியைக் கையால் திரும்ப அடிப்பதே வேகமான வழி. தமிழ் எண்களும் அப்படித்தான், காபி = ௨௦ என்று எழுதினால் ஏற்காது.

எதிலும் பிடிபடவில்லையா? நிரலின் கீழ்ப் பாதி வரிகளுக்கு முன்னால் # போட்டு ஓட்டுங்கள். # போட்ட வரியைப் பைத்தான் விட்டுவிடும். பிழை போய்விட்டால் அது கீழ்ப் பாதியில் இருக்கிறது. அதைத் திரும்பப் பாதியாக்குங்கள். ஒரு இஃப்-இன் உள்வரிகள் எல்லாவற்றுக்கும் # போட்டுவிட்டால் புதிதாக ஒரு இன்டென்டேஷன் எர்ரர் முளைக்கும். அங்கே 'பாஸ்' என்று, எதுவும் செய்யாத ஒரு வரி வையுங்கள்.

பின்சேர்க்கை, மொபைலில் பழகுபவர்களுக்கு: கீபோர்டு வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். இஃப் அப்படி ஆனால் சின்டாக்ஸ் எர்ரர். பிரிண்ட் ஆனால் நேம் எர்ரர், அதுவும் நிரல் அந்த வரி வரை ஓடிய பிறகுதான் வரும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஐஃபோன் என்றால் கீபோர்டு செட்டிங்ஸில் 'ஸ்மார்ட் பங்சுவேஷன்' என்பதையும் அணையுங்கள். மேற்கோள் குறிகளை வளைப்பது அதுதான்.