சிலிங் மூடியில் ஒளிந்திருந்த வெப்பம்

மலேசியாவின் சுங்கை சிப்புட். துத்தநாகக் கூரை போட்ட பின்னறை. 1 குதிரைத்திறன் ஏர்கோனை 22-இல் வைத்தும், இரவு 9 மணிக்கு அறை 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

முதலில் ஏர்கோனைக் கழுவினோம். கேஸ் அழுத்தம் சரியாகவே இருந்தது. அடுத்து தடித்த திரைச்சீலை. பலனில்லை, அந்த ஜன்னலில் வெயிலே விழுவதில்லை.

பிறகு சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவை இரவல் வாங்கினேன். இரண்டு நாள் வீண். மாலை மழை பெய்தால் துத்தநாகம் குளிர்ந்துவிடும், சிலிங் முழுக்க ஒரே நிறமாகத்தான் தெரியும். மழையில்லாத நாளில், ஏர்கோனை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 4 மணிக்குப் பார்த்தபோதுதான் படம் தெளிந்தது. சிலிங் பலகை 33. சிலிங்குக்கு மேலே ஏறும் வழியின் மூடியைச் சுற்றி 41. ஆனால் மூடியின் அலுமினியச் சட்டம் மட்டும் 27 காட்டியது!

அது பொய். பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் காட்டாது, கீழேயிருக்கும் குளிர்ந்த தரையைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். சட்டத்தில் கறுப்பு வயரிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, கேமராவில் எமிசிவிட்டியை (ஒரு பரப்பு தன் வெப்பத்தை எவ்வளவு வெளிவிடுகிறது என்ற அளவு) 0.95-இல் வைத்து, பத்து நிமிடம் கழித்து டேப்பைப் பார்த்தால் 42.

மேலே ஏறிப் பார்த்தேன். விளக்கு மாட்டியவர் ஒதுக்கிய, வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு அப்படியே குவிந்து கிடந்தது. மூடியின் முதுகில் ஒன்றுமே இல்லை.

50 மில்லிமீட்டர் பஞ்சை இடைவெளியில்லாமல் பரப்பினேன் (கையுறை, முகக்கவசம் கட்டாயம், விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டிமேல் மூடக்கூடாது). மூடியின் முதுகில் அதே கனத்தில் ஃபோம் பலகை, விளிம்பைச் சுற்றி ஃபோம் டேப். மறுநாள் அதே 9 மணிக்கு 24.