ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் வலி மாத்திரையில் நடக்கும் தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடையில் நிற்கிறேன். புதுச்சேரியில் மூட்டு மாற்றியோ குடலிறக்க ஆபரேஷன் செய்தோ வீடு திரும்புகிறவர்களின் பிள்ளைகள் டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்து ஒரு பை நிறைய மாத்திரை வாங்கிப் போவார்கள். அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

சீட்டில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும்: பாராசிட்டமால், அசெக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென் போல வீக்கத்தையும் குறைக்கும் ஒரு வலி மாத்திரை, அப்புறம் டிராமடால். மூன்றும் வலியை வெவ்வேறு வழியில் அடக்குகின்றன. முதல் இரண்டும் சேர்ந்து பெரும்பங்கைத் தாங்கிவிட்டால் மார்ஃபின் என்ற கடுமையான வலி மருந்தின் வகையைச் சேர்ந்த டிராமடால் கொஞ்சம்தான் தேவைப்படும், அதனால் வரும் குமட்டல், தலைசுற்றல், மலச்சிக்கல், பழகிப்போகும் ஆபத்து எல்லாமே குறையும். டென்மார்க்கில் இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பாராசிட்டமால் மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் 36 மில்லிகிராம் அளவில் மார்ஃபின் தேவைப்பட்டது. கூடவே ஐபுப்ரோஃபெனும் எடுத்தவர்களுக்கு 20 போதுமாக இருந்தது.

ஆனால் வீட்டில் நடப்பது வேறு. "வலி வந்தா பாத்துக்கலாம்" என்று பாராசிட்டமாலை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ராத்திரி 2 மணிக்கு வலி உச்சத்துக்குப் போனதும் கை நேரே டிராமடாலுக்குப் போகிறது. முதல் சில நாள் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், சீட்டில் எழுதிய நேரத்துக்குச் சாதா மாத்திரைகளைக் கொடுத்துவிட வேண்டும். அதையும் மீறி வரும் வலிக்குத்தான் டிராமடால்.

என்னை அதிகம் பயமுறுத்துவது இன்னொன்று. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு தம்பி, அம்மாவுக்கு என்னென்ன கொடுக்கிறான் என்று அட்டைகளை வரிசையாக மேசையில் வைத்தான். டோலோ 650 நாலு வேளை, ஜீரோடால்-பி ரெண்டு வேளை, அல்ட்ராசெட் மூணு வேளை. பெயர் மூன்றாக இருந்தாலும் மூன்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 2600, 650, 975, ஆக 4225 மில்லிகிராம். நல்ல திடமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4000தான் உச்சவரம்பு. எடை குறைந்த வயதானவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு. பார்த்தால் இரண்டு சீட்டு, இரண்டு டாக்டர், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், இல்லையென்றால் எல்லா அட்டையையும் கடைக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

இதே மாதிரிதான் அசெக்ளோஃபெனாக் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த காம்பிஃப்ளாமையும் போடுவது. அதில் இருக்கும் ஐபுப்ரோஃபெனும் அதே வகை. ஒரே வகையில் இரண்டு போட்டால் வலி இன்னும் குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும்தான் கூடும். சிறுநீரகக் கோளாறு, அல்சர், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதில் ஏதாவது இருந்தால் இந்த வகையையே டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

வலி குறைந்ததும் நிறுத்துவதிலும் வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் நிறுத்த வேண்டியது டிராமடால். பாராசிட்டமால் கடைசிவரை ஓடட்டும். பலர் "சும்மா காய்ச்சல் மாத்திரைதானே" என்று அதை நிறுத்திவிட்டு டிராமடாலை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். தீர்ந்ததும் சீட்டில்லாமல் கேட்டு வருகிறார்கள். 2018 முதல் அது போதைமருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது, சீட்டில்லாமல் தர முடியாது.

டிராமடால் போடும் நாட்களில் மது கூடவே கூடாது. தூக்க மாத்திரையையும் சொந்தமாகச் சேர்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகாபலின் எழுதியிருந்தாலும் வயதானவர்களிடம் கவனம் தேவை, மயங்கி விழுவார்கள்.

அதற்காக டிராமடாலைக் கண்டு பயந்து வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கவும் வேண்டாம். இருமவும் எழுந்து நாலடி நடக்கவும் முடியவில்லை என்றால் சொன்ன அளவில் கொடுங்கள். எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், கறுப்பாக மலம், சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.