பிரெஞ்சு உழவர் கிராமத்தைச் சித்திரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுக்கு நடுவே தன்னந்தனியாக ஒரு மரக்குடிசை. வட அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றம் என்றாலே கதை எழுதுபவர்களும் படம் வரைபவர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். 'இல்லினாய் நாடு' எனப்பட்ட, இன்றைய அமெரிக்காவின் நடுவே மிசிசிப்பி ஆற்றின் இரு கரையிலும் உள்ள பகுதிக்கு இது பொருந்தாது. கிழக்குக் கரையில் 1703இல் தோன்றிய காஸ்காஸ்கியாவிலும், பின்னர் மேற்குக் கரையில் 1750 வாக்கில் உருவான செயின்ட் ஜெனிவீவிலும் உழவர்கள் ஊருக்குள்ளேயே, வேலியடைத்த மனைகளில் அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். வயல்கள் ஊருக்கு வெளியே, ஒடுங்கிய நீளப் பட்டைகளாக, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வேலியோடு இருந்தன. அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் அங்கே மேயும்.

சுவரில் மரங்களைப் படுக்கைவாட்டில் அடுக்காதீர்கள். இவர்கள் தூண்களை நெருக்கமாக நட்டு, இடைவெளியில் வைக்கோல் கலந்த களிமண்ணோ கல்லும் சாந்துமோ அடைத்து, வெள்ளையடித்தார்கள். முன்புறமாவது தாழ்வாரம் இருக்கும். பல வீடுகளில் அது நாற்புறமும் ஓடும்.

அடுத்து, மூலையில் ஒரு ராட்டை! எல்லாரும் வைத்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே ராட்டையும் தறியும் அரிது. விளைந்த கோதுமை மாவாகிப் படகில் ஆற்றின் போக்கிலேயே தெற்கே நியூ ஆர்லியன்ஸுக்குப் போகும். துணி, சர்க்கரை, ஒயின், பிரான்சின் மெருகிட்ட மண்தட்டுகள் எல்லாம் அங்கிருந்து வரும். ஆற்றை எதிர்த்து ஏற மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அப்படியிருந்தும் நூற்பதைவிட அதுவே அவர்களுக்குக் கட்டுப்படியானது. மேசையில் மக்காச்சோள ரொட்டியையும் வைக்க வேண்டாம். அவர்கள் விரும்பியது கோதுமை ரொட்டிதான். மக்காச்சோளம் பன்றிக்கும் மாட்டுக்கும் போனது, அடிமைகளுக்கும்.

அந்த அடிமைகளை விட்டுவிடுவதைத்தான் நான் மன்னிக்க முடியாத தவறு என்பேன். இப்பகுதியின் 1752 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்க, பூர்வகுடி அடிமைகள். ஒருவர் இறந்தால் நோட்டரி வந்து சொத்துப் பட்டியல் எழுதுவார்: இரும்புச் சட்டி, இறகு மெத்தை, வால்நட் மர அலமாரி. அதே பட்டியலில் மனிதர்களும் விலையோடு இருப்பார்கள். 'எளிய, மகிழ்ச்சியான கிராமம்' என்று எழுதுபவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சொத்து முழுவதும் ஆண்மகனுக்கே என்று எழுதுவதும் தவறு. இங்கும் செல்லுபடியான 'பாரிஸ் வழக்காறு' என்ற பிரெஞ்சுச் சட்டப்படி, தம்பதியரின் பொதுச் சொத்தில் பாதி விதவைக்கு; மகன்களோடு மகள்களுக்கும் பங்கு உண்டு.

1763இல் பிரெஞ்சு ஆட்சி போனதோடு கதையை முடித்துவிடாதீர்கள். கிழக்குக் கரை பிரிட்டனிடம் போனதும் பலர் ஆற்றைக் கடந்து, ஸ்பெயின் வசமிருந்த மேற்குக் கரைக்குப் போனார்கள். செயின்ட் ஜெனிவீவின் அமூரு வீடு 1792இல், ஸ்பானிய ஆட்சியில், பழைய பிரெஞ்சு முறைப்படி மண்ணில் தூண் நட்டுக் கட்டப்பட்டது. இன்றும் நிற்கிறது.