பழைய வாசல் கதவுக்குப் பாலிஷா, வார்னிஷா, பெயின்டா? பொருள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெயின்ட் கடையில் போய் "கதவுக்குப் பாலிஷ் போடணுங்கண்ணா, ஒரு டின் குடுங்க" என்று கேட்டால், அவரும் ஏதோ ஒன்றை எடுத்துத் தருவார். உங்கள் கதவின் மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. முதல்முறை செய்பவர்களின் வேலை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். பிரஷ் பிடிக்கத் தெரியாததால் கெடும் கதவுகள் குறைவு. ஒன்றோடு ஒன்று சேராத பொருள்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிக் கெடுபவைதான் அதிகம். ஆகவே கடைக்குப் போகும் முன் கதவைப் படிக்க வேண்டும்.

கணக்குக்கு வசதியாக ஒரு வாசல் கதவை எடுத்துக்கொள்வோம். 7 அடி உயரம், 3½ அடி அகலம், பேனல் வைத்த கதவு, கூடவே நிலவு, அதாவது கதவைத் தாங்கும் மரச்சட்டம்.

படி 1: மேலே இருப்பது என்ன பூச்சு?

கீல் இருக்கும் பக்கத்து ஓரத்தில், கண்ணுக்குப் படாத ஓர் அங்குல இடம் போதும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் அழுத்தி வைத்துத் தேயுங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஏறினால் அது அரக்குப் பாலிஷ், அதாவது ஃபிரெஞ்ச் பாலிஷ். தொட்டிக்கட்டு வீடுகளின் பழைய தேக்குக் கதவுகளிலும் பீரோக்களிலும் இது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்பிரிட்டுக்கு அசையவில்லையென்றால் அடுத்த பஞ்சில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர். இளகிக் கரைந்தால் என்.சி. லேக்கர். கரையாமல் சுருங்கித் தோல்போல் எழும்பினால் எனாமல் அல்லது எண்ணெய் வார்னிஷ். எதுவுமே நடக்காவிட்டால் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரிதேன்).

இந்த ஐந்து நிமிடச் சோதனைதான் மொத்த வேலையையும் தீர்மானிக்கிறது. எனாமல் மேல் என்.சி. சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அடித்தால், நீங்கள் பஞ்சில் பார்த்த அதே சுருக்கம் கதவு முழுக்க வரும். கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டியெடுக்க வேண்டியதாகும். அரக்கின் மேல் பி.யூ. அடித்தால் அன்றைக்குப் பளபளக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். அரக்கு இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டு வேறு பூச்சுக்குப் போங்கள், அல்லது அரக்கையே மறுபடி பூசுங்கள். எனாமலும் எண்ணெய் வார்னிஷும் கெட்டியாகப் பிடித்திருந்தால் சுரண்ட வேண்டாம். பளபளப்புப் போகும்வரை தேய்த்து அதே இனத்தை மேலே பூசலாம்.

பழைய எனாமலில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, குழம்பை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். என்95 முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

கூடவே பூச்சியையும் பாருங்கள். குண்டூசித் துளைகளுக்குக் கீழே மாவுபோல் தூள் குவிந்திருந்தால் மரம் இப்போதும் உளுத்துக்கொண்டிருக்கிறது. பூச்சு அதை நிறுத்தாது. மரப் பாதுகாப்பு மருந்தை ஊசியால் துளைகளில் ஏற்றி, டின்னில் சொன்ன நேரம் உலரவிட்டுத்தான் அடுத்த வேலை. நிலவுக்கும் சுவருக்கும் நடுவில் கரையான் மண்கோடு தெரிந்தால் முதலில் சுவருக்கு வைத்தியம் பாருங்கள்.

படி 2: இடத்தைப் பார்த்துப் பூச்சைத் தேர்ந்தெடுங்கள்

வெயிலும் மழையும் படும் வாசல் கதவுக்கு அரக்குப் பாலிஷ் வேண்டாம். தண்ணீர் பட்ட இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். மெலமைனும் வீட்டுக்குள் வேலைக்குத்தான். அது காயும்போது ஃபார்மால்டிஹைடு வாடை கண்ணைக் கரிக்கும். முதல்முறை செய்பவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

வாசல் கதவுக்கு இரண்டே வழிதான். மர இழை தெரிய வேண்டுமென்றால் 'எக்ஸ்டீரியர்' என்று டின்னில் போட்டிருக்கும், கலக்கத் தேவையில்லாத ஒற்றை டின் பி.யூ. வார்னிஷ். கடையில் 'டச்வுட்' என்று பொதுவாகச் சொல்வது இந்த இனத்தைத்தான். சாதா கிளியர் வார்னிஷ் மேற்கு பார்த்த வாசலில் நிற்காது. வெயிலின் புற ஊதாக் கதிர் தெளிந்த பூச்சுக்குள் புகுந்து அடியிலுள்ள மரத்தின் மேற்பரப்பையே சிதைக்கும். பிடிமானம் போனதும் வார்னிஷ் தாள்போல் உரியும். வார்னிஷுக்கு அடியில் நிறமுள்ள ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) ஒரு கோட் இருந்தால் வெயிலை ஓரளவு தடுக்கும்.

மரம் வேம்போ வாகையோவாக, ஒட்டும் ஆணித்துளையுமாக இருந்தால் எனாமல் அடியுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. வெயிலைத் தாங்குவதில் எந்தக் கிளியர் வார்னிஷையும்விட எனாமல்தான் மேல். கை பழகவும் அதுதான் ஏற்றது.

இரண்டு டின் கலந்து அடிக்கும் பி.யூ. இன்னும் உறுதியானது. ஆனால் கலந்த பிறகு சில மணி நேரத்தில் டின்னிலேயே கெட்டியாகிவிடும். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதி. ஸ்பிரே அடிப்பதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

நம்மூர் வாசலில் இன்னொரு சோதனை உண்டு. வெள்ளிக்கிழமை நிலவில் பூசும் மஞ்சள். மஞ்சளின் நிறம் ஸ்பிரிட்டில் கரையும், அரக்கில் எளிதாக ஊறும். பழைய நிலவைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவும்போது மஞ்சள் சிவப்பாக மாறும். காரத்தில் அது அப்படித்தான் மாறும், பயப்பட வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டு, ஸ்பிரிட் துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை துடைத்த பிறகே தேயுங்கள். அடிநிலவுக்கு மட்டும் மஞ்சள் எனாமலே அடித்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். அது நல்ல யோசனைதான்.

படி 3: பூச்சுக்கு ஏற்ற தின்னர்

எனாமல், எண்ணெய் வார்னிஷ் இரண்டுக்கும் டர்பன்டைன், கடையில் எம்.டி.ஓ. என்றும் சொல்வார்கள். என்.சி. சீலர், லேக்கருக்கு என்.சி. தின்னர். அரக்குக்கு ஸ்பிரிட். பி.யூ.வுக்கு அந்தந்தக் கம்பெனி டின்னில் எழுதியிருப்பது மட்டும். 'எல்லாத்துக்கும் ஒரே தின்னர்தானுங்க' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனாமலில் என்.சி. தின்னர் ஊற்றினால், அடியிலிருக்கும் பூச்சை அது இளக்கிச் சுருக்கிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் கலக்காதீர்கள்; மண்ணெண்ணெய் கலந்த எனாமல் நாள்கணக்கில் பிசுபிசுப்போடு நிற்கும்.

தேக்குக்கு ஒரு கூடுதல் வேலை. அதன் இயற்கை எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது. தேய்த்து முடித்ததும் என்.சி. தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் கோட் அடியுங்கள். புது மரத்திலோ, பூச்சு முழுக்க எடுத்த மரத்திலோ மட்டும் இதைச் செய்யுங்கள்.

படி 4: எவ்வளவு வாங்குவது?

கதவு ஒரு பக்கம் 7 × 3½ = 24½ சதுர அடி. இரண்டு பக்கமும் 49. ஓரங்களுக்கும் பேனல் வளைவுகளுக்கும் 7 சேர்த்தால் 56. நிலவு மூன்று பக்கமும் 17½ அடி நீளம், வெளியே தெரியும் சுற்றளவு சுமார் 10 அங்குலம். அதற்கு ஏறத்தாழ 14½. ஆக மொத்தம் சுமார் 70 சதுர அடி. மரத்தில் பிரஷ்ஷால் அடிக்கும்போது 1 லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். டின்னில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தாலும், காய்ந்த பழைய மரம் உறிஞ்சும்.

வார்னிஷ் என்றால் மூன்று கோட், சுமார் 2 லிட்டர். எனாமல் என்றால் வுட் பிரைமர் 1 லிட்டர், எனாமல் இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர். எனாமலுக்கு டர்பன்டைன், பி.யூ. வார்னிஷுக்கு அதன் டின்னில் சொன்ன தின்னர், எதுவானாலும் 1 லிட்டர். இரண்டு டின் வாங்கினால் பேட்ச் எண் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டையும் ஒரு பெரிய போசியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். ஷேடு வித்தியாசம் கதவின் நடுவில் தெரிவதைவிட அது மேல்.

உப்புத்தாள்: 80 நம்பர் 3, 120 நம்பர் 4, 180 நம்பர் 4, 320 நம்பர் 3. நல்ல நிலையில் இருக்கும் கதவுக்கு 80 தேவையில்லை. கையளவு மரக்கட்டை ஒன்றில் சுற்றித் தேய்த்தால் சமமாக வரும். பிரஷ் 3 அங்குலம் ஒன்று, வளைவுகளுக்கு 1 அங்குலம் ஒன்று. எண்ணெய் இனத்துக்கு இயற்கை மயிர் பிரஷ், தண்ணீர் இனத்துக்கு நைலான். புது பிரஷ்ஷை உள்ளங்கையில் நன்றாகத் தட்டி உதிரும் மயிரை எடுத்துவிடுங்கள்.

துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் அரைக் கிலோ வாங்குங்கள். வெள்ளையாகப் பார்த்து எடுங்கள். சாயத் துணி ஸ்பிரிட்டிலும் தின்னரிலும் சாயம் விட்டு மரத்தில் ஏற்றிவிடும். ஆனால் கடைசித் துடைப்புக்கும் அரக்கு பூசவும் பனியன் துணி ஆகாது, நூல் உதிரும். பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டி அதற்கு ஏற்றது.

பட்டியில், அதாவது பள்ளமும் துளையும் அடைக்கும் பசையில், தவறு செய்பவர்கள் நிறைய. சுவருக்கு வாங்கி மிச்சமான வெள்ளைச் சிமென்ட் பட்டியை மரத்தில் அப்புவார்கள். மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் அதோடு சேர்ந்து அசையாது, விரிசல் விட்டு உதிரும். எனாமலுக்கு எண்ணெய்ப் பட்டி, அதுவும் பிரைமர் அடித்த பிறகு. வெறும் மரத்தில் வைத்தால் மரம் அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சிப் பட்டி பொடியாகிவிடும். வார்னிஷுக்கு மர நிறத்திலேயே கிடைக்கும் வுட் ஃபில்லர். மரத்தூளும் ஃபெவிகாலும் கலந்து அடைத்த இடம் ஸ்டெயினை ஏற்காது, வெளுத்த திட்டாகத் தெரியும்.

படி 5: நாள் பார்த்து, இடம் பார்த்துத் தொடங்குங்கள்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை புழுதியை வாரி இறைக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது ஈர வார்னிஷ் என்ன ஆகும்? புழுதி ஒட்டுவதோடு, காற்று பட்டு மேற்பரப்பு சட்டென்று தோல் கட்டி, பிரஷ் கோடுகள் சமமாகாமல் அப்படியே நின்றுவிடும். அந்த மாதங்களில் செய்தே ஆக வேண்டுமென்றால் கதவைக் கழற்றி அறைக்குள் இரண்டு ஸ்டூல்மேல் படுக்கப்போட்டு, தரையில் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் புழுதி அடங்கிய பிறகு அடியுங்கள்.

பொங்கலுக்கு முன் முடிக்க எல்லோரும் தொடங்குவது மார்கழியில். காலைப் பனியில் மரம் குளிர்ந்திருக்கும். அரக்கும் என்.சி.யும் ஆவியாகும்போது மேற்பரப்பு இன்னும் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுக்கும். காலை 10 மணிக்கு மேல் தொடங்கி 3 மணிக்குள் முடியுங்கள். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பக்கம் நேர்வெயில் படும் கதவில் அடித்தால் கொப்புளம் கிளம்பும். நிழல் திரும்பிய பிறகு அடியுங்கள்.

படி 6: பூசும் வரிசை

முதலில் கதவைக் கீலிலிருந்து கழற்றுங்கள். தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் தனியே. தாள் நம்பரைத் தாவாமல் 80, 120, 180 என்று மர இழையின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின் பட்டதும் கருங்கோடாக எழும்பும்.

வார்னிஷ் என்றால் முதல் கோட்டில் 1 லிட்டருக்கு 100 முதல் 150 மில்லி, டின்னில் எழுதியிருக்கும் தின்னரைக் கலக்கலாம். டின்னில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டின்னைக் குலுக்காமல் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் ஏறும் காற்றுக் குமிழ் கதவில் வந்து நிற்கும். பிரஷ்ஷை மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைத்து, முதலில் பேனல், பிறகு குறுக்குச் சட்டம், கடைசியாக நெடுஞ்சட்டம். இரவு முழுக்கக் காயவிட்டு 320 தாளால் லேசாக வருடி, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த கோட்.

எனாமல் என்றால்: பிரைமர், ஒரு நாள், பட்டி, காய்ந்ததும் 180, பட்டி வைத்த இடங்களுக்கு மறுபடி பிரைமர், 320, பிறகு எனாமல் இரண்டு கோட், இடையில் ஒரு நாள். பிசின் கசியும் கணுக்கள் இருந்தால் பிரைமருக்கு முன் அந்த இடத்தில் மட்டும் அரக்கு தொட்டுவிடுங்கள். இல்லையென்றால் மஞ்சள் கறையாக வெளியே வரும்.

கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மறக்காதீர்கள். ஐப்பசி மழையில் கதவு இறுக்கிக்கொண்டு சாத்த மறுப்பதற்கு முக்கியக் காரணம் பூச்சு இல்லாத அந்தக் கீழ் விளிம்பு. மர இழைகளின் முனை அங்கேதான் திறந்திருக்கிறது, ஈரத்தை வேகமாக இழுக்கும். தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீரும் அங்கேதான் தெறிக்கிறது. கதவைக் கழற்றச் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான்: கீழ் விளிம்புக்கு மட்டும் ஒரு கோட் கூடுதலாக வையுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் அடுப்பும் பூஜை விளக்கும் எரியக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். என்95 தூளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. மிச்ச வார்னிஷைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி முழுக்க நிரப்பி மூடினால் மேலே ஆடை கட்டாது. எண்ணெய் வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும்; குவியலுக்குள் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போட்டு, விறைப்பான பிறகு குப்பையில் சேருங்கள்.