டிரெய்லிங் ஆர்முக்கு எந்த ஜாயின்ட்? கடைக்குப் போகுமுன் அட்டையை வெட்டுங்கள்

சொந்தமாக பக்கி (கரடுமுரடான தரையில் ஓட்டும் திறந்த சிறு வண்டி) கட்டுபவர்கள், பின்சக்கரத்தைச் சேஸிஸோடு (வண்டிச் சட்டம்) இணைத்து மேலும் கீழும் ஆடவிடும் டிரெய்லிங் ஆர்மைப் பற்றவைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ராட் எண்ட் போடவா, புஷ் போடவா?" என்பதுதான். ராட் எண்ட் என்றால் மரைத்தண்டின் முனை வளையத்துக்குள் ஒரு பந்து சுழலும் ஜாயின்ட்; புஷ் என்றால் குழாய்க்குள் அமரும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை. நானும் அங்கேதான் தொடங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருக்கிறதே என்று ராட் எண்டாகவே வாங்கி எல்லா முனையிலும் மாட்டினேன். மூன்றாம் நாள் ஓட்டத்தில் ஒன்று மரையோடு முறிந்தது, பின்சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. ஜாயின்ட் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று பார்க்காமல் மாட்டியது என் தவறு.

படி 1: உங்கள் ஆர்ம் எந்த வகை?

சேஸிஸில் இரண்டு இடத்தில், ஒரே நேர்கோட்டில் பிடிக்கும் ஆர்ம் ஒரு வகை. இது கதவுக் கீல் மாதிரி. மேலும் கீழும் தவிர வேறெங்கும் போகாது. இன்னொரு வகையில் ஆர்ம் முன்னால் ஒரே இடத்தில் பிடித்திருக்கும். சக்கரம் பக்கவாட்டில் ஓடாமல் இரண்டு குறுக்கு லிங்க்குகள் (சேஸிஸிலிருந்து சக்கரத்துக்குக் குறுக்கே போகும் தண்டுகள்) பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் ஒரே ஜாயின்ட் பொருந்தாது.

படி 2: கோணத்தை அளந்து பாருங்கள்

தடித்த அட்டையில் ஆர்மையும் லிங்க்கையும் நான்கில் ஒரு பங்கு அளவில் வெட்டி, குண்டூசியில் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். கணக்கு பிடிக்கும் என்றால் இதோ ஓர் உதாரணம்: ஆர்ம் நீளம் 600 மி.மீ., லிங்க் 400 மி.மீ., சக்கரம் நடுநிலையிலிருந்து மேலே 125, கீழே 125 மி.மீ. போகிறது. ஆர்ம் ஒரு பக்கத்துக்கு 12 டிகிரி சாயும். லிங்க் 18 டிகிரி சாயும். லிங்க் வட்டமாகச் சுழல்வதால் சக்கரம் சுமார் 20 மி.மீ. உள்ளே இழுபடும், அதனால் ஆர்ம் பக்கவாட்டில் 2 டிகிரி திரும்பும்.

இனிதான் முக்கியமான இடம். போல்ட்டைச் சுற்றிச் சுழல்வதற்கு ராட் எண்டுக்கு எல்லை இல்லை. போல்ட்டுக்குக் குறுக்கே சாய்வதற்குத்தான் எல்லை. சாதாரண ராட் எண்ட் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 முதல் 15 டிகிரிதான் சாயும். லிங்க்கின் போல்ட்டை வண்டியின் நீளவாக்கில் வைத்தால் அந்த 18 டிகிரியும் சுழற்சியிலேயே போய்விடும். ஆர்மின் 12 டிகிரி சாய்வு லிங்க்கை அதன் அச்சிலேயே முறுக்கும். இரு முனைப் பந்துகளும் அதைப் பகிர்ந்து விழுங்கிவிடும். அதே போல்ட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் 18 டிகிரியும் சாய்வாக மாறும். வளையம் பிராக்கெட்டில் (போல்ட்டைப் பிடிக்கும் தகடு) முட்டும், கடப்பாறை போட்டு நெம்புவதுபோல் மரை வளையும். என் வண்டியில் நடந்தது இதுதான்.

பந்தின் இருபுறமும் கூம்பாகக் கடைந்த ஸ்பேசர் (இடைவளையம்) போட்டால் சாய்வு கூடும். ஆனால் போல்ட்டின் திசையைச் சரிசெய்யாமல் ஸ்பேசர் வாங்குவது வீண்செலவு.

படி 3: சுமை எந்தப் பக்கம் வருகிறது?

ஓட்டுநரோடு வண்டி 300 கிலோ, ஒரு பின்சக்கரத்தில் 90 கிலோ என்று கொள்வோம். பக்கவாட்டில் ஒரு கல்லில் இடித்தால் அதைப்போல் மூன்று மடங்கு, 270 கிலோ தள்ளல் வருவதாக நான் கணக்கு வைப்பேன். 600 மி.மீ. ஆர்மின் இரண்டு பிடிமானங்களும் 300 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஒன்று முன்னால் இழுக்க, மற்றொன்று பின்னால் தள்ள, ஒவ்வொன்றிலும் 540 கிலோ. இடைவெளியை 200 ஆகக் குறைத்தால் 810. 400 ஆக்கினால் 405 தான். ஜாயின்ட்டுக்குச் செலவழிக்கும் முன் பிடிமானத்தை அகட்டி வையுங்கள். அது இலவசம்.

ராட் எண்ட் இழுப்பையும் தள்ளலையும் நன்றாகத் தாங்கும். வளைப்பைத் தாங்காது. 12 மி.மீ. மரையின் அடிவிட்டம் 10 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. 16 மி.மீ.க்குப் போனால் வளைப்பைத் தாங்கும் வலு இரண்டரை மடங்கு ஆகும். ஆனாலும் வளைப்பு வரும் இடத்தில் ராட் எண்டைப் போடாமல் இருப்பதே புத்தி.

படி 4: இப்போது தேர்வு

இரண்டு பிடிமான ஆர்முக்கு, பற்றவைத்த குழாய்க்குள் புஷ் போதும். ரப்பர் சைலன்ட் பிளாக் (உலோக உறைகளுக்கு நடுவே ரப்பர் ஒட்டிய புஷ்) என்றால் அதிர்வும் சத்தமும் குறையும், கிரீஸ் வேண்டாம். ஆனால் அது சுழல்வதில்லை, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. அதனால் சக்கரங்கள் தரையில் நிற்க, ஓட்டுநர் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டை இறுக்கவேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும். சக்கரம் நிறைய ஏறி இறங்கும் வண்டிக்கு பாலியூரிதேன் புஷ்ஷும் அதன் உள்ளே உலோக ஸ்லீவும் (உள்குழாய்) எனக்குப் பிடித்த ஜோடி. ஸ்லீவ் புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கட்டும்; பிராக்கெட் இறுகுவது ஸ்லீவில், சுழல்வது புஷ்ஷில். கிரீஸ் நிப்பிள் வைக்க மறந்தால் கீச்சென்று ஊரைக் கூட்டும்.

ஒற்றைப் பிடிமான ஆர்மின் முன்முனைக்கு, பற்றவைத்த கிண்ணத்துக்குள் அழுத்தி சர்க்ளிப் (பூட்டு வளையம்) போட்ட யூனிபால், அதாவது மரைத்தண்டு இல்லாத பந்து ஜாயின்ட். ஷாக் (அதிர்வுதாங்கி) ஆர்மின் மேலேயே அமர்வதால் அந்த முனைக்கு மேலும் கீழுமான சுமை வரும்; அங்கே மரை இருக்கக்கூடாது.

குறுக்கு லிங்க் இரண்டுக்கும் ராட் எண்ட்தான். ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை என்று வாங்கினால், கழற்றாமலே லிங்க்கைத் திருகி சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யலாம். சேறும் மணலும் ராட் எண்டுக்கு எமன், ரப்பர் உறை போடுங்கள். ஆட்டம் வந்தால் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

படி 5: மாட்டும்போது

போல்ட்டை ஒரே தகட்டில் நீட்டி நிறுத்தாதீர்கள். இருபுறமும் பிராக்கெட் வேண்டும். வலுத் தரம் 8.8-க்குக் குறையாமல், பிராக்கெட் தகட்டுக்குள் மரை வராத நீளத்தில் போல்ட், நைலாக் நட் (நைலான் வளையம் பிடித்திருப்பதால் தளராத நட்). ராட் எண்டின் மரை 12 மி.மீ. என்றால் குறைந்தது 18 மி.மீ. ஆழம் உள்ளே போகட்டும், லாக் நட்டை மறக்காதீர்கள். வளையத்தின் துளையைவிடப் பெரிய வாஷர் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பந்து கழன்றாலும் ஆர்ம் போல்ட்டைவிட்டுப் போகாது.

பற்றவைக்கும் முன் புஷ், யூனிபால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். சூட்டில் உள்ளுறை கருகும். இரண்டு புஷ் குழாய்களுக்குள்ளும் ஒரே ஒரு நீளமான கம்பியைச் செருகி, அப்படியே பொட்டு வைத்துப் பற்றவைத்தால் நேர்கோடு தப்பாது.

கடைசியாக, ஷாக்கைக் கழற்றி ஆர்மைக் கையால் மேலிருந்து கீழ்வரை ஆட்டுங்கள். எங்காவது இறுகினாலோ உரசினாலோ அந்தப் பிராக்கெட்டை அறுத்துத் திரும்பப் பற்றவையுங்கள். சுத்தியலால் தட்டி "செட் ஆகிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.